வைத்தால் குடுமி, அடித்தால் மொட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மனநல மருத்துவரோ ஆலோசகரோ இல்லை. அச்சுக்குப் போகும் முன் பக்கங்களில் பிழை பார்ப்பது என் தொழில். நாள் முழுக்கப் பிழைகளோடு குடித்தனம் நடத்துகிற ஆளிடம், ஒரு பிழை வந்தால் மொத்தமும் போச்சு என்று நினைக்கிறவர்கள் வந்து சேருவது இயல்புதான். வேலை பழக வந்த இளைஞர்கள், உறவினர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டதை, கூடியவரை அவர்கள் வார்த்தையிலேயே கீழே தந்திருக்கிறேன். ஒரே பதிலை ஐம்பதாவது தடவை வாயால் சொல்வதைவிட எழுதி வைப்பது சுலபம்.

"எல்லாம் அல்லது ஒன்றுமில்லை" மனப்போக்கு என்கிறார்களே, அப்படின்னா என்ன?

பெயர்தான் பெரிது. ‘வைத்தால் குடுமி, அடித்தால் மொட்டை’ என்று தமிழில் ஒரே வரியில் சொல்லி வைத்திருக்கிறோம். ஒரு காரியம் முழு வெற்றி, தவறினால் முழுத் தோல்வி, நடுவில் எதுவும் கிடையாது. பதினைந்து பக்க அறிக்கையில் ஒரு எண் தவறாகப் போனால் அறிக்கையே குப்பை. கூட்டத்தில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் மானமே போயிற்று.

மனச்சோர்வோடு வருகிறவர்களின் யோசனையில் இப்படிச் சில கோணல்கள் திரும்பத் திரும்பத் தென்படுவதை 1960களில் கவனித்து எழுதியவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக். அந்தக் கோணல்களை நோயாளியோடு சேர்ந்து உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும் சிகிச்சை முறை அவரிடமிருந்து வளர்ந்தது. (1921-இல் பிறந்த அவர் 2021-இல், நூறு வயது நிறைந்த பிறகுதான் காலமானார்.) இன்று உலகம் முழுக்க மனநல ஆலோசகர்கள் கையாளும் முறைகளில் அதுவும் ஒன்று.

எனக்குப் புரிந்த வரையில் இது அளவுகோலில் உள்ள கோளாறு. ஸ்கேலில் 0, 100 என்று இரண்டு கோடு மட்டும் இருந்தால், 93 வரை வந்ததும் 0 கணக்கில்தான் போய் விழும். கீழே பல பதில்கள் இந்த ஸ்கேலுக்கே திரும்பி வரும்.

எனக்கு இது இருக்கா, இல்லையா?

கேள்வியைக் கவனித்தீர்களா? இருக்கா, இல்லையா. இரண்டே கோடு!

எல்லாருக்கும் ஏதாவது ஓரிடத்தில் இருக்கும். அலுவலக வேலையில் நிதானமாக இருப்பவர் உடற்பயிற்சி என்று வந்தால் மொட்டை அடித்துவிடுவார். அதனால் எவ்வளவு, எந்த இடத்தில் என்று கேட்டுக்கொள்வது பயன்படும். கண்டுபிடிக்க எளிய வழி, உங்கள் பேச்சைக் கவனிப்பது. ‘சுத்தமா’, ‘மொத்தமா’, ‘எப்ப பாரு’, ‘அவ்வளவுதான்’ என்ற சொற்கள். அதைவிட முக்கியம் ‘ஏ’காரம். ‘எனக்கு எதுவும் வராது’ என்பதற்கும் ‘எனக்கு எதுவுமே வராது’ என்பதற்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்த ஓர் எழுத்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிடுகிறது. யாருமே, ஒருநாளுமே, எங்கேயுமே. ஒருநாள் முழுக்க, இப்படி ஒரு ‘ஏ’ வாயிலோ மனதிலோ வரும்போதெல்லாம் ஒரு தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள்.

இது என் தொழில்கிறுக்கு மட்டும் இல்லை. 2018-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இணையக் குழுக்களில் 6,400-க்கும் மேற்பட்டவர்கள் எழுதியதை அலசினார்கள். பதட்டம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிப் பேசும் குழுக்களில் இத்தகைய அறுதிச் சொற்கள் மற்ற குழுக்களைவிட அதிகமாக இருந்தன. அதற்காக, ‘எப்பவுமே’ என்று சொன்னவரையெல்லாம் நோயாளி என்று முத்திரை குத்திவிடாதீர்கள்.

மூளை ஏன் இப்படி யோசிக்குது?

வேலை மிச்சம். 93-ஐ 93 என்று பார்க்க நின்று அளக்க வேண்டும். நல்லது, கெட்டது என்று இரண்டு கூடையில் எறிவதற்கு அரை நொடி போதும். ஆபத்து நேரத்தில் அந்த அரை நொடி உயிரைக் காப்பாற்றும். அசதி, பசி, பயம் கூடும்போது இரண்டு கூடைப் பழக்கமும் கூடும். பாஸ், ஃபெயில் என்று வளர்ந்த பள்ளிக்கூடப் பழக்கமும் உண்டு. ‘முதல் கோணல் முற்றும் கோணல்’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்ததும் உண்டு. காரணத்தைத் தோண்டிக்கொண்டே இருப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அடுத்த கேள்விதான் முக்கியம்.

மூணு வாரம் ஒழுங்கா நடந்தேன். ஒரு நாள் விட்டுப்போச்சு. அப்புறம் போகவே இல்லை. ஏன் இப்படி ஆகுது?

நான் அதிகம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். நடைக்குப் பதிலாகப் படிப்பு, எழுத்து, கணக்குப் புத்தகம், புதிய மொழி என்று எதையும் போட்டுக்கொள்ளலாம். ‘தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன’ என்ற பழமொழி சொல்லும் அதே மனநிலை. 1975-இல் வெளியான ஒரு சோதனையில் இது அப்படியே பிடிபட்டது. சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். உணவுக் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள், ஏற்கெனவே குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாட்டோடு இருப்பவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு அதிகமாகச் சாப்பிட்டார்கள். ‘இன்றைய கட்டுப்பாடு போச்சு, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன’ என்ற கணக்கு.

குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோரைப் பற்றி ஆராய்ந்த உளவியலாளர் அலன் மார்லட் 1980களில் இதையே வேறு முனையிலிருந்து விளக்கினார். சறுக்குவது ஒன்று, விழுந்து கிடப்பது வேறொன்று. சறுக்கியவுடன் ‘நான் இவ்வளவுதான், எனக்கு மன உறுதியே கிடையாது’ என்று ஒரு தீர்ப்பு மனதில் எழுகிறதே, சறுக்கலைப் பெரும் வீழ்ச்சியாக மாற்றுவதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு என்றார்.

அப்படியானால் விட்டுப்போன அந்த ஒரு நாளின் உண்மையான சேதம் எவ்வளவு? லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்து, 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுவில் நிற்கும் எண் 66. (21 நாள் என்று ஊரெல்லாம் சொல்வது வேறு கதை.) இடையில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆக, கெடுத்தது விட்ட நாள் இல்லை. அதற்கு மறுநாள் நீங்கள் எடுத்த முடிவு.

சரி, அந்த மறுநாள் என்னதான் செய்யணும்?

மறுநாள் யோசிக்காதீர்கள், முன்னாலேயே யோசித்து வைத்திருங்கள். ‘ஒரு நாள் விட்டுப்போனால், அடுத்த நாள் காலை செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை மட்டும் போய் வருவேன்’ என்று, இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்ற வடிவில் ஒரு வாக்கியம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இருந்து இந்த வகைத் திட்டங்களை ஆராய்ந்து வந்திருக்கிறார். ‘இனிமேல் ஒழுங்காக இருப்பேன்’ என்ற பொதுவான சபதத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது.

இரண்டு எச்சரிக்கை. முதலாவது, விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். அது தண்டனை, தண்டனைக்கு யாரும் தினமும் விருப்பத்தோடு போக மாட்டார்கள். இரண்டாவது, ‘அடுத்த மாதம் ஒண்ணாம் தேதியிலிருந்து’ என்று தள்ளாதீர்கள். இன்றைக்குப் பதினொன்றாம் தேதி என்றால், ஒண்ணாம் தேதி என்ற சொல்லுக்கு அர்த்தம் இருபது நாள் விடுமுறை.

தெருமுனை வரை போய் வந்து என்ன ஆகப்போகுது? பத்து நிமிஷம் எல்லாம் ஒரு கணக்கா?

கணக்குதான். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட உடலுழைப்பு வழிகாட்டியில், ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-இல் வந்த புதிய வழிகாட்டியில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்ற இலக்கு இருக்கிறது. கூடவே, அந்த இலக்கை எட்டாவிட்டாலும் கொஞ்சம் அசைவது ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மேல் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஸ்கேலில் நடுக்கோடுகளை ஓர் உலக அமைப்பே வரைந்து கொடுத்திருக்கிறது, நாம்தான் அழித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் எந்த வேலைக்கும் இரண்டு அளவு வைத்துக்கொள்கிறேன். நல்ல நாள் அளவு ஒன்று, நாய் படாத பாடு படும் நாளுக்கான அளவு ஒன்று. நல்ல நாளில் நாற்பது பக்கம் புரூஃப். மற்ற நாளில் இரண்டு பக்கம். இரண்டாவது அளவு, சொன்னால் சிரிப்பு வரும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் ஒரு நாள் தவறவிட்டு, அதற்கும் அழுவோம்.

அப்போ தரத்தைக் குறைச்சுக்கன்னு சொல்றீங்க. அரைகுறையா வாழச் சொல்றீங்க.

இதை யார் கேட்டாலும் குரலில் கொஞ்சம் கோபம் இருக்கும். தமிழில் ‘அரைகுறை’ என்பது வசவு. பாதி செய்ததைப் பாராட்ட நமக்கு நல்ல சொல்கூடக் கிடையாது.

தரம் என்பது எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது. ஸ்கேல் என்பது இப்போது எங்கே நிற்கிறோம் என்பது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். நான் பார்க்கும் புத்தகத்தில் பிழையே இருக்கக் கூடாது என்பதுதான் இன்றும் என் இலக்கு. ஆனால் முதல் புரூஃபில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பிழை, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நாலு பக்கத்துக்கு ஒன்று என்று குறைந்து வருவதைப் பார்க்கத் தெரியாவிட்டால், எனக்கு மூன்றாவது புரூஃபைத் தொட மனம் வராது. உயர்ந்த தரம் வைத்திருப்பவர்களுக்குத்தான் நடுக்கோடுகள் அதிகம் தேவைப்படும், அவர்கள் போக வேண்டிய தூரம் அதிகம்.

எல்லா வேலையும் எனக்கு முக்கியம்தான். எதை எவ்வளவு நல்லா செய்யணும்னு எப்படி முடிவு பண்றது?

எல்லாமே முக்கியம் என்றால் எதுவும் முக்கியம் இல்லை என்றாகிவிடும். ஹெர்பர்ட் சைமன் என்று ஓர் அறிஞர், 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கியவர். 1950களிலேயே அவர் சொன்னது இது: மனிதர்கள் எல்லா வழிகளையும் அலசி மிகச் சிறந்ததைத் தேர்வதில்லை, அதற்கு நேரமோ தகவலோ மூளையோ போதாது. ‘இது இருந்தால் போதும்’ என்று ஒரு வரம்பு வைத்து, அதைத் தாண்டிய முதல் வழியை எடுத்துக்கொள்கிறார்கள்.

வேலை தொடங்கும் முன்பே அந்த வரம்பை எழுதி வையுங்கள். சக ஊழியருக்கு அனுப்பும் குறிப்பு: புரிந்தால் போதும், ஒரு தடவை படித்துவிட்டு அனுப்பு. வெளியே போகும் அறிக்கை: எண்கள் எல்லாம் இரண்டு முறை சரிபார், நடையைப் பற்றிக் கவலைப்படாதே. வேலை பாதியில் இருக்கும்போது வரம்பு வைத்தால் அது நகர்ந்துகொண்டே இருக்கும். என்னிடம் வேலை பழகிய ஒரு பெண், மூன்று வரி மின்னஞ்சலுக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். அவரை ஒரு வாரம் ‘அவசரமாக’ நாலு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னேன், பதில் என்ன வருகிறது என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். நாலுக்கும் வழக்கமான பதில்தான் வந்தது. வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் யாரும் இல்லை. அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட!

முழுசா உட்கார்ந்து செய்ய நேரம் கிடைக்கட்டும்னு காத்திருக்கேன். ஆரம்பிக்கவே முடியலை.

என் மேஜை இழுப்பறையில் ஒரு நோட்டு கிடக்கிறது. நடுவில் நூல் தைத்த 200 பக்க நோட்டு. பல வருடம் முன்பு, தினமும் ஒரு பக்கம் எழுதுவது என்று வாங்கினேன். முதல் பக்கத்தில் நாலாவது வரியில் ஒரு சொல் அடித்தல் ஆகிவிட்டது. அசிங்கமாக இருந்தது, கிழித்தேன். தைத்த நோட்டில் ஒரு விஷயம் உண்டு. முன்னால் ஒரு தாளைக் கிழித்தால், தையலுக்கு அந்தப் பக்கம் அதோடு சேர்ந்த தாளும் பிடி விட்டுப்போகும். இரண்டு நாளில் பின்பக்கமிருந்து ஒரு வெற்றுத்தாள் தானாகக் கழன்று விழுந்தது. அடுத்த வாரம் இன்னொரு பக்கம் கிழித்தேன், இன்னொரு வெற்றுத்தாள் போயிற்று. இப்போது அதில் 38 தாள் மிச்சம். ஒன்றிலும் எழுத்து இல்லை. நூல் மட்டும் அப்படியே தொங்குகிறது.

நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதும் தாள் கிழிப்பதுதான். முழு மதியம் ஒன்று காலியாகக் கிடைக்கும், அப்போது குறையில்லாமல் செய்வோம் என்ற கற்பனைக்காக, கையில் இருக்கும் இருபது நிமிடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிகிறோம். செய்ய வேண்டியது, மோசமாக ஆரம்பிப்பது. வேண்டுமென்றே மோசமாக. முதல் வடிவத்தின் மேல் ‘இது குப்பை’ என்று தலைப்பு போட்டுவிட்டு எழுதச் சொல்வேன். குப்பை என்று பெயர் வைத்தாகிவிட்டது, இனி அது கெடுவதற்கு ஒன்றும் இல்லை. புரூஃப் பார்க்கும் எனக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: பிழையுள்ள பக்கத்தைத் திருத்தலாம். வெற்றுப் பக்கத்தில் எந்தக் கொம்பனாலும் ஒன்றும் திருத்த முடியாது.

மேலதிகாரி பத்து நல்லது சொல்லி ஒரு குறை சொன்னா, அந்த ஒண்ணுதான் ராத்திரி வரைக்கும் மண்டையில ஓடுது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் 412 பக்கப் புத்தகம் ஒன்றுக்குப் பிழை பார்த்தேன். அச்சாகி வந்தது. அட்டையில், தலைப்பில், ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. ‘ப்’ இருக்க வேண்டிய இடம் மொட்டையாக நின்றது. எனக்கு இந்தத் தொழில் லாயக்கில்லை என்று முடிவுகட்டி, மறுநாள் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏம்ப்பா, உள்ளே 412 பக்கம் இருக்கே, அதை யார் பார்த்தது?" என்றார். கொஞ்சம் கழித்து, "அட்டையைத் தனியா எடுத்து எழுத்து எழுத்தா படிக்கணும். இனிமே படி" என்றார்.

பெரியவர் என்னைத் தேற்றவில்லை. பிழை இல்லை என்றும் சொல்லவில்லை. பிழைக்கு அளவு போட்டார், அப்புறம் ஒரு செய்முறை கொடுத்தார். குறை சொல்லப்படும்போது நாமே இதைச் செய்துகொள்ளலாம். சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘மூன்றாவது பகுதியில் ஆதாரம் போதவில்லை’ என்பதுதான் அவர் சொன்னது. ‘உனக்கு எழுதவே வராது’ என்பது நீங்கள் சேர்த்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் ‘ஏ’காரம் யாருடையது என்று தெரிந்துவிடும்.

என்னை நானே திட்டிக்கிட்டாத்தானே திருந்துவேன்? விட்டா சோம்பேறி ஆயிடுவேன்.

நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பினேன். ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களைக் கவனித்து 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போடுவது குறைந்தது. 2012-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இன்னொன்று: கடினமான ஒரு தேர்வில் தடுமாறிய மாணவர்களில் ஒரு பிரிவினரிடம், உங்கள் மேல் ரொம்பக் கடுமையாக இருக்காதீர்கள் என்று சொல்லப்பட்டது. மறுதேர்வுக்கு அவர்கள்தான் கூடுதல் நேரம் படித்தார்கள்.

யோசித்தால் புரிகிறது. திட்டு வாங்கிய இடத்துக்குத் திரும்பிப் போக யாருக்குப் பிடிக்கும்? திட்டியது நாமாகவே இருந்தாலும் மனம் அந்த நோட்டைத் திறக்கப் பயப்படும்.

வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டுன்னு இருக்கிறதுதானே நேர்மை? ஒரு தடவை ஏமாத்தினவனை எப்படி நம்புறது?

நம்பிக்கையை லைட் சுவிட்ச் மாதிரி நினைப்பதால் வரும் சிக்கல். ஒரே ஆளிடம் நமக்குப் பல கணக்குகள் உண்டு. கடன் வாங்கினால் திருப்பித் தராத நண்பர், நடுராத்திரி மருத்துவமனைக்குக் கூப்பிட்டால் முதல் ஆளாக வந்து நிற்பார். அவரைப் பணத்துக்கு நம்ப வேண்டாம், ராத்திரிக்கு நம்பலாம். எதில், எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் பாதி உறவுகள் தப்பிக்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிக்கிறவர், மிரட்டுகிறவர், திட்டமிட்டு நசுக்குகிறவர் விஷயத்தில் ‘எல்லாம் கறுப்பு வெள்ளை இல்லை, அவரிடமும் நல்லது இருக்கிறது’ என்று யாராவது உங்களைச் சமாதானப்படுத்தினால் கேட்காதீர்கள். ஒருவரிடம் நல்ல குணமும் இருக்கலாம், அவரை விட்டு விலகுவதும் சரியாக இருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

ஆனா முடிவுன்னு வந்தா, ஆமாம் இல்லைன்னு ரெண்டுதானே? வேலையை விடணும், இல்லை விடக் கூடாது. பாதி விட முடியுமா?

நல்ல கேள்வி. மேலே சொன்ன பதிலின் வால் இதற்கும் பொருந்தும். செயல் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அதற்கான மதிப்பீடு அப்படி இருக்க வேண்டியதில்லை. ‘இந்த வேலையில் பத்தில் ஆறு விஷயம் பிடிக்கவில்லை, நாலு பிடித்திருக்கிறது, விடுகிறேன்’ என்பது நிதானமான முடிவு. விட வேண்டும் என்பதற்காக அந்த நாலையும் சாக்கடையில் தள்ளத் தேவையில்லை. அப்படித் தள்ளிவிட்டுப் போகிறவர்கள், புது இடத்தில் முதல் குறையைக் கண்டதும் அதையும் தள்ளுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பல நேரம் பாதியும் முடியும். நீண்ட விடுப்பு, வேறு பிரிவு, மூன்று மாதம் மாலையில் மட்டும் புதிய தொழிலைச் செய்து பார்ப்பது. இவை கண்ணில் படாததே இந்த மனப்போக்கின் வேலை.

சிகரெட், குடி எல்லாம் முழுசா விடறதுதானே சரி? அங்கேயும் ‘கொஞ்சம் கொஞ்சமா’ன்னு சொல்வீங்களா?

மாட்டேன். சில இடங்களில் இரண்டு கோடு ஸ்கேல்தான் சரியான ஸ்கேல். அறுவை சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2008-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது, 19 அம்சங்கள். 18-ஐப் பார்த்துவிட்டோம், போதும் என்று யாரும் கத்தியை எடுக்கக் கூடாது. வண்டி ஓட்டும்போது குடித்திருக்கக் கூடாது என்பதிலும் நடுக்கோடு தேடாதீர்கள். போதைப் பழக்கத்தில் பலருக்கு ‘அறவே இல்லை’ என்ற விதிதான் எளிது. ஒவ்வொரு தடவையும் பேரம் பேச வேண்டாம்.

விதி முழுசாக இருக்கட்டும். விதி மீறிய பிறகு வரும் தீர்ப்பு முழுசாக இருக்கக் கூடாது. நூறு நாள் தொடாமல் இருந்தவர் நூற்று ஒன்றாம் நாள் ஒன்று பற்றவைத்தால், அந்த நூறு நாளும் அவர் உடம்பிலிருந்து அழிந்துவிடாது. மார்லட் சொன்ன சறுக்கல், வீழ்ச்சி வித்தியாசம் இங்கேதான் உயிர் காக்கும். நெடுநாள் தினமும் நிறையக் குடித்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்த வேண்டாம். வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

பையன் 96 வாங்கிட்டு வந்தா, மீதி 4 எங்கேன்னு கேக்குறது தப்பா?

அந்த 4-ஐப் பற்றிக் கேட்பது தப்பில்லை. முதல் வாக்கியமாகக் கேட்பதுதான் பிரச்சினை. பிள்ளைக்கு ஸ்கேலில் எங்கெங்கே கோடு போட வேண்டும் என்று நாம்தான் கற்றுக்கொடுக்கிறோம். எதைச் சரியாகச் செய்தான், எப்படிச் செய்தான் என்று முதலில் கேளுங்கள். அந்த 4 தானாகப் பேச்சில் வரும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ‘நான் நல்ல அம்மாவே இல்லை’ என்று என்னிடம் அழுதவர்கள் உண்டு. பிரிட்டனின் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்டு வின்னிகாட் 1950களில் ‘போதுமான அளவு நல்ல தாய்’ என்ற கருத்தை முன்வைத்தார். தாய் குழந்தைக்கு எப்போதும் முழுக்க ஈடுகொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. தாங்கக்கூடிய அளவில் மெல்ல மெல்ல வரும் சின்னச் சின்னக் குறைகளில்தான் குழந்தை உலகத்தைச் சந்திக்கப் பழகுகிறது என்றார்.

இதெல்லாம் நாமளே சரிபண்ணிக்கலாமா, டாக்டரைப் பார்க்கணுமா?

தூக்கம், சாப்பாடு, வேலை, உறவு இவற்றில் ஏதாவது வாரக்கணக்கில் குலைந்திருந்தால் பாருங்கள். ஒரே வேலையை ‘சரியாக’ வரும் வரை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்தாலும், சாப்பாட்டை வைத்து உடம்பைத் தண்டித்தாலும் பாருங்கள். ‘இருந்தால் இப்படி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கவே வேண்டாம்’ என்று தோன்றினால் இன்றைக்கே, நம்பும் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். முதலில் சொன்ன பெக் வழி வந்த சிகிச்சைக்கு இந்தக் கோணலில் நல்ல பயிற்சி உண்டு. நாமே பார்த்துக்கொள்வதும் மருத்துவரைப் பார்ப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை, இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

நீங்க சொன்னதை ஒரு வாரம் செஞ்சேன். எட்டாவது நாள் பழைய மாதிரியே ஆயிட்டேன். எனக்கு இது ஒத்துவராது.

ஏழு நாள் செய்தீர்களா? அந்த ஏழும் எங்கே போயிற்று?

கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் சிரித்துவிடுவது உண்டு. ‘சமநிலையாக யோசிப்பது’ என்பதையே வைத்தால் குடுமி, அடித்தால் மொட்டை ஆக்கிவிடுகிறோம். பழைய யோசனை வராமல் இருக்கப் போவதில்லை. எனக்கு இந்தப் பக்கத்தை எழுதும்போதே மூன்று தடவை வந்தது. மேலே இரண்டாவது பதிலில் புள்ளி வைக்கச் சொன்னேனே, அதை மட்டும் இன்று மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைக்க மறந்தால், ராத்திரி ஞாபகம் வரும்போது ஒன்று வையுங்கள். தாள் அடித்தல் திருத்தலாக இருந்தாலும் கிழிக்க வேண்டாம்.